முதலில் ஜீனோ, அப்புறம்தான் நிலா

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் கூடி ஒரு தமிழ் நாவலைப் பற்றிப் பேசுவோம். பேச்சு முடிந்ததும், அந்த நாவலைப் படமாக எடுத்தால் யார் யார் நடிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டு நோட்டில் எழுதி வைப்போம். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் பெயர் நோட்டில் ஏறும். இந்த மாதம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. மூன்று பட்டியல்கள் வந்தன. மூன்றும் கதாநாயகி நிலாவில் தொடங்கி நிலாவிலேயே மாட்டிக்கொண்டன. ராத்திரி ஒன்பதரை வரை பேசியும் ஒரு வரிகூட ஏறவில்லை.

அடுத்த முறை கூடுவதற்குள் நான் யோசித்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் வாதம் இதுதான்: இந்தக் கதைக்கு நடிகர் தேடுவதை இயந்திர நாயான ஜீனோவில் தொடங்க வேண்டும். அதன் உடம்பை எப்படிச் செய்யப்போகிறோம், குரல் யாருடையது என்று தெரியாமல் நிலாவுக்கு யாரையும் போட முடியாது. நிலா மனம் விட்டுப் பேசுவது அந்த நாயோடுதான்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. வருங்கால இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். பெயர்கள்கூடச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று எல்லாமே இரண்டெழுத்து. நிலாவின் கணவன் சிபி ஒருநாள் காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குள் ரவி வருகிறான், அவனோடு ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறது. அது பேசும், புத்தகம் படிக்கும், போகப்போகத் தானாக யோசிக்கவும் தொடங்கும். மிச்சத்தைச் சொல்லமாட்டேன். ஜீவாவைப் பற்றிய உண்மையை யாரும் முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்கக்கூடாது.

1980களில் ஆனந்த விகடனில் இது தொடராக வந்தபோது சுஜாதா இங்கே ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலையில் இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர், ஓட்டே தேவைப்படாத ஒரு தலைவரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு உறைக்கும். என் அப்பாவும் ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விகடன் கைக்கு வந்த அன்று ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், அம்மாவுக்கும் எனக்கும் அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஜீவா பேசினால் குரலை உயர்த்துவார். நிலாவுக்குக் கொஞ்சம் தணிந்த குரல். ஜீனோவுக்கு மட்டும் எதுவும் செய்யமாட்டார், சும்மா தன் குரலிலேயே படிப்பார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குரலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் உடம்பு. மூன்று வழிகள் இருக்கின்றன.

நிஜ நாயை நடிக்க வைக்கலாம் என்பது மர்ஃபி டவுனிலிருந்து வரும் அண்ணனின் கட்சி. கன்னடத்தில் 2022இல் வந்த ‘777 சார்லி’யை அவர் தியேட்டரில் மூன்று தடவை பார்த்தவர். “நாய் திரும்பிப் பார்த்தாப் போதும்பா, சக்கத்தா இருக்கும், ஜனங்க அழுதுடுவாங்க” என்றார். அவர் சொல்வது உண்மை. எனக்குக் கவலையே அதில்தான். நாயின் ஈரமான கண்ணையும் மூச்சிரைப்பையும் பார்த்தவுடன் நமக்குப் பாசம் வந்துவிடும், அதற்குக் கதையே வேண்டாம். ஆனால் ஜீனோவிடம் நமக்கு வருவது வேறு மாதிரிப் பாசம். இது இயந்திரம் என்று தெரிந்தே, பக்கத்துக்குப் பக்கம் நம் மனசு மாற வேண்டும். நிஜ நாய்க்கு உலோகச் சட்டை போட்டு நிறுத்தினால் அந்தப் பயணம் முதல் காட்சியிலேயே முடிந்துவிடும். தவிர, அந்தச் சட்டையோடு நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் ஒரு நாயை நிறுத்தி வைக்க எனக்கு மனசில்லை. விலங்குகளைப் படத்தில் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. அப்படிக் கேட்பது நியாயம்தான்.

இரண்டாவது வழி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். எங்கள் கூட்டத்தில் இளையவனான என் அக்கா மகன், சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன், இதைத்தான் சொன்னான். “மாமா, இப்ப எதை வேணும்னாலும் வரையலாம்” என்றான். வரையலாம். 2012இல் ‘நான் ஈ’ ஒரு வார்த்தை பேசாத ஈயை நாயகனாக்கிக் காட்டியது. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ ஒரு வேற்றுக்கிரகவாசியைப் படம் முழுக்க நடமாட விட்டது. அந்த வேலையும் சேர்ந்துதான் படத்தை வருடக்கணக்கில் காக்க வைத்தது. காலமும் பணமும் ஒரு பக்கம். நிலாவாக நடிப்பவர் எதைப் பார்த்துப் பேசுவார் என்பதுதான் என் கேள்வி. ஜீனோ இருக்கப்போகும் இடத்தில் ஒரு அடையாளத்தை வைத்து, அதைப் பார்த்து நடிக்கச் சொல்வார்கள். சண்டைக் காட்சிக்கும் ஓட்டக் காட்சிக்கும் அது போதும். இங்கே முக்கியமான காட்சிகளெல்லாம் ஒரு அறையில் ஒரு பெண்ணும் ஒரு நாயும் பேசிக்கொள்வது. எதிரில் ஆள் இல்லாமல் பேசுகிறவரின் பார்வை எங்கேயாவது ஒரு நொடி நழுவும், நெருக்கக் காட்சியில் அது தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, நிஜமாகவே ஒரு ஜீனோவைச் செய்வது. இதிலும் இரண்டு விதம் உண்டு. மோட்டார் வைத்துத் தானே நடக்கும் ரோபோ ஒன்று. 1999இல் சோனி ‘ஐபோ’ என்ற ரோபோ நாயைக் கடைக்குக் கொண்டு வந்தது, சுஜாதா எழுதிப் பத்து வருடங்களுக்கு மேல் கழித்து. நம்ம ஊரிலேயே, மல்லேஸ்வரம் தாண்டி ஜாலஹள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில், ‘ஸ்டாக்’ என்ற நாலுகால் ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். சுஜாதா தினமும் வேலைக்குப் போய்வந்த பேட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு இயந்திரம் நாலு காலில் நடக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் படத்துக்கு இந்த வகை ஒத்துவராது. இப்படிப்பட்ட ரோபோக்கள் கீழே விழாமல் நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. தலையைச் சாய்த்து யோசிப்பதோ, பாதியில் நின்று நிலாவைத் திரும்பிப் பார்ப்பதோ அவற்றின் வேலை இல்லை. மோட்டார் சத்தம் வேறு வசனத்துக்கு மேலே கேட்கும்.

இன்னொரு விதம் பொம்மலாட்டம். ஜீனோவை எடை குறைவான பொம்மையாகச் செய்து, கம்பியாலும் கம்பாலும் இரண்டு மூன்று பேர் ஆட்டுவிப்பது. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் சின்ன மோட்டார். ஆட்டுபவர்களையும் கம்பிகளையும் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். முழு நாயை வரைவதைவிட இது பல மடங்கு எளிது. ‘எந்திரன்’ படத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வரவழைத்து இயந்திர உருவங்கள் செய்தார்கள். நமக்கு அந்த அளவு வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்களும் இங்கே கர்நாடகத்தில் கொம்பெயாட்டக்காரர்களும் மரப்பொம்மைக்கு உயிர் கொடுப்பதைப் பரம்பரையாகச் செய்துவருகிறார்கள். ராமாயணத்தில் பொம்மை தலையைக் குனிந்தால் ஊரே அழுகிறது. அது பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியும் அழுகிறார்கள். ஜீனோவுக்கு எனக்கு வேண்டியது இதேதான்.

ஆக, பொம்மை. என் மனசில் அது நிலாவின் மடியில் அடங்கும் அளவு. பெரிய நாயாக இருந்தால் கேமரா ஒன்று அவள் முகத்தைக் காட்டும், இல்லை அதன் முகத்தைக் காட்டும். மடியில் அடங்கினால் இரண்டு முகமும் ஒரே சட்டகத்துக்குள் வரும்.

இனி குரல். அன்றைக்குச் சத்தம் அதிகமானது இதில்தான்.

பெரிய நட்சத்திரம் ஒருவர் பேசினால் படத்துக்குக் கூட்டம் வரும் என்றார், ஜாலஹள்ளியிலிருந்து வரும் ஓய்வு பெற்ற சார். 2024இல் ‘கல்கி 2898 ஏடி’யில் ஒரு வாகனத்துக்குக் கீர்த்தி சுரேஷ் குரல் கொடுத்தார், அது நன்றாகவே பேசப்பட்டது. ‘அயலான்’ உருவத்துக்குச் சித்தார்த் குரல். மறுபக்கமும் இருக்கிறது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி பேசினார், எனக்கு மிகவும் பிடித்த நடிகர், ஆனாலும் பல ரசிகர்களுக்கு அது ஒட்டவில்லை. இவ்வளவு தெரிந்த குரலைக் கேட்டதும் மனசு அந்தக் குரலுக்குரிய முகத்துக்குப் போய்விடுகிறது. ஒரு வாகனம் சில காட்சிகளில் பேசுவது வேறு. ஜீனோ கதை முழுக்கக் கூடவே வருகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் நட்சத்திரத்தின் முகம் எட்டிப் பார்த்தால் நாய் எங்கே நிற்கும்?

குழந்தைக் குரல் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அறவே வேண்டாம். ஜீனோ செல்லக்குட்டி கிடையாது. நிறையப் படித்தது, அதன் கிண்டலில் ஒரு முதிர்ச்சி இருக்கும். மழலையில் பேசினால் அந்தக் கிண்டல் செத்துப்போகும். கம்ப்யூட்டரே பேசட்டும், இப்போது அதுவும் முடியும் என்றான் அக்கா மகன். கதையின் தலைப்பில் ‘இனிய’ என்று ஒரு சொல் இருக்கிறது, அது எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பதிலுக்கு அவன் ஒரு மாதிரிக் குரலைப் போட்டுக் காட்டினான். தெளிவாக இருந்தது. ஆனால் நிலா அழும்போது எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

என் தேர்வு மணிகண்டன். ‘ஜெய் பீம்’ படத்து ராசாக்கண்ணு, ‘குட் நைட்’ படத்துக் குறட்டை மோகன். நடிகராகத் தெரிவதற்கு முன்பே பலகுரல் கலைஞர், வானொலியில் பேசியவர், டப்பிங் குரல் கொடுத்தவர். 2017இல் ‘விக்ரம் வேதா’வுக்கு வசனம் எழுதியவரும் அவர்தான். ஒரு வரியில் எந்த வார்த்தைக்குப் பிறகு நிற்க வேண்டும் என்பது, எழுதத் தெரிந்த நடிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நினைத்தால் வேறு ஒருவராகவே மாறிப் பேசிவிடுவார், ஆனால் நான் கேட்பது அதை இல்லை. அப்பா படித்த மாதிரி, நாய்க்குரல் போடாமல், இயந்திரக்குரல் போடாமல், சமமான குரலில் பேசினால் போதும். ஜீனோ நாய் மாதிரியும் பேசாது, இயந்திரம் மாதிரியும் பேசாது. வீட்டில் இருக்கிற புத்திசாலியான ஒருவர் மாதிரிப் பேசும். அப்பா அதை யோசித்துச் செய்தாரா, அந்த இடத்தில் குரல் மாற்ற அவருக்குச் சோம்பலா தெரியாது. எனக்கு ஜீனோ அந்தக் குரலில்தான் பேசுகிறது.

ஒரு நிபந்தனை மட்டும். படப்பிடிப்பு முடிந்து டப்பிங் அறையில் வந்து பேசினால் பாதிப் பலன் போய்விடும். ‘விருமாண்டி’யில் கமல் செய்த மாதிரி, படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியையும் பதிவு செய்ய வேண்டும். மணிகண்டன் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேச, ஆட்டுபவர்கள் அந்தப் பேச்சுக்குப் பொம்மையை அசைக்க, நிலா அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு முடிவானால் நிலாவைத் தேடுவது சுலபமாகிறது. அன்று வந்த பெயர்கள் மூன்று.

லிஜோமோள் ஜோஸ். இதைச் சொன்னது காக்ஸ் டவுன் அக்கா, அவர் காரணமும் பலமானது. ‘ஜெய் பீம்’ செங்கேணி, காணாமல் போன கணவனைத் தேடி அலையும் மனைவி. நிலாவுக்கும் கதை அங்கேதான் தொடங்குகிறது. லிஜோமோளின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் செங்கேணிக்கு அதிகாரம் எப்படிப்பட்டது என்று பிறந்ததிலிருந்தே தெரியும். நிலாவுக்குத் தெரியாது. நிலா ஜீவாவின் ஆட்சியைக் கேள்வி கேட்காமல் வாழ்ந்தவள், அனுமதிக் கடிதம் வந்ததும் சந்தோஷப்படுகிறவள். இன்னொரு சிக்கலும் உண்டு. மணிகண்டன் ஜீனோவாகப் பேசினால், நாய்க்குள்ளிருந்து ராசாக்கண்ணுவே செங்கேணியிடம் பேசுகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் தொண்டை அடைத்துப்போவார்கள், அது வேறு படத்துக்கான கண்ணீர்.

சாய் பல்லவி. உண்மையில் இது என் பட்டியலில்தான் இருந்தது. 2022இல் வந்த ‘கார்கி’யை நினைத்து எழுதினேன். அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போக, சாதாரண ஆசிரியை ஒருத்தி ஒரு அமைப்பையே எதிர்த்து நிற்கிறாள், கடைசியில் தான் நம்பியதையே கேள்வி கேட்கிறாள். நிலாவின் வளர்ச்சியும் அதே கோட்டில்தான் போகிறது. கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கும்போது சாய் பல்லவியின் முகம் செய்கிற வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. நிலா தனியாக இருக்கும் கதை என்றால் இன்னும் அவரைத்தான் சொல்வேன்.

நித்யா மேனன். இந்தப் பெயரைச் சொன்னது என் மனைவி, அதுவும் டீ கொடுக்க மாடிக்கு வந்த இடத்தில். “திருச்சிற்றம்பலத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணா உட்காந்து பேசுவாளே, அவளப் போடுங்க” என்றாள். 2022இல் வந்த அந்தப் படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். இங்கே பெங்களூரில் பிறந்தவர், பல மொழிகளில் தானே பேசி நடிப்பவர். அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் நடிப்பில் பாதி, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்பதில் இருக்கிறது. நண்பன் அபத்தமாக ஏதோ சொல்கிறான். சிரிப்பதா திட்டுவதா என்று அவர் முகம் ஒரு கணம் யோசிக்கிறது. ஜீனோ முதல் தடவை எதிர்த்துப் பேசும்போது நிலாவின் முகத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு கணம். ஜீனோ பொம்மை, குரல் அதே இடத்தில் நேரடியாக வருகிறது என்று முடிவான பிறகு, நடிகையிடம் நாம் கேட்பது நல்ல உரையாடலை. அதில் நித்யாவுக்குப் பிறகுதான் மற்றவர்கள். நிலா இன்னும் கொஞ்சம் இளையவளாக இருக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். குழந்தை அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்த பெண் என்று வைத்துக்கொண்டால் வயது கதைக்கு உதவியே செய்கிறது.

என் பட்டியலில் சாய் பல்லவியை அடித்துவிட்டு நித்யா மேனன் என்று எழுதினேன். வருத்தம் இல்லாமல் இல்லை.

ஜீவாவுக்கு அவ்வளவு குழப்பம் வேண்டாம். பிரகாஷ் ராஜ், நாசர், அரவிந்த்சாமி என்று மூன்று பெயர்கள். முதல் இருவரும் மிரட்டுவதில் மன்னர்கள். ஆனால் ஜீவா வெறுமனே மிரட்டி ஆள்கிறவர் இல்லை. அவர் முகத்தைத் திரையில் பார்த்து ஜனங்கள் மகிழ வேண்டும். அரவிந்த்சாமி ‘தனி ஒருவன்’ படத்தில் சிரித்துக்கொண்டே பயமுறுத்தினார். 2021இல் ‘தலைவி’யில் எம்.ஜி.ஆராக வந்தார், அதாவது கோடிக்கணக்கான பேர் கும்பிட்ட ஒரு முகமாக ஏற்கெனவே நடித்திருக்கிறார். ஜாலஹள்ளி சார் இதைக் கேட்டதும் “சரி, இது ஒண்ணுக்கு நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார். புதுமுகம் போடலாம் என்ற யோசனையும் இருந்தது. ஜீவாவைப் பார்த்த முதல் நொடியே நமக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வர வேண்டும் என்பதால் நான் தெரிந்த முகத்தையே விரும்புகிறேன்.

ரவிக்கு ஃபஹத் ஃபாசில். இவனை நம்பலாமா கூடாதா என்று கடைசிவரை தெரியாத கண்கள், அவ்வளவுதான் வேண்டும். சிபி வருவதே கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனை நமக்குப் பிடித்தால்தான் காணாமல் போனதும் தேடுவோம். அதற்கு அசோக் செல்வன் போதும்.

மனோ மட்டும் பாக்கி. ரவியின் நண்பன், கூடவே இருப்பவன், அவனிடமும் முழுசாக நம்பிக்கை வரக்கூடாது. ஃபஹத் பக்கத்தில் நின்றால் யாராக இருந்தாலும் மங்கிப்போகிறார்கள், அதனால் நான் எழுதிய நாலு பெயரையும் அடித்துவிட்டேன். வரும் சனிக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்தில் இந்தக் கதையின் அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வை எடுத்து வந்து மனோ வரும் இடங்களை மட்டும் ஒரு தடவை படிக்கப்போகிறேன். நோட்டில் அவன் பெயருக்கு எதிரில் இடம் விட்டிருக்கிறேன், யாருக்காவது ஆள் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள்.